ஜனகராஜ் வாசிக்காத ஐந்தாம் அங்கம்

சிம்மக்கல்லில் சாயப்பொடிக் கடை வைத்திருந்த ஜனகராஜுக்குக் குரல் ஒன்றுதான் அழகு. ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒல்லி, முன்வழுக்கை, எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத நீலமும் கத்தரிப்பூவும். ஆனால் வாயைத் திறந்தாரானால் சாயம் வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிட்டு நிற்பார்கள். "கால் கிலோ செவப்புப் பொடிக்கு இம்புட்டு வசனமாண்ணே?" என்று பக்கத்து நூல் கடைக்காரர் ஓட்டுவார். ஜனகராஜ் சிரித்துக்கொள்வார். அந்தக் குரலே ஒருநாள் தன்னைக் குத்தப்போகிறது என்று அவருக்கு அப்போது எப்படித் தெரியும்?

பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம் வரைக்கும் படித்த மனுஷர் அவர். அப்பா திடுதிப்பென்று மாரடைப்பில் போய்ச்சேர, மூத்த பிள்ளை என்று கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற பாடப்புத்தகமெல்லாம் எடைக்குப் போயின. ஒன்றை மட்டும் தராசுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அது ஒரு பழைய மேடை நாடகம். ஐந்து அங்கம், முழுக்கச் சோகம். ஒரு தீவு, அதற்கொரு அரசன், அவனுக்கு ஒரே மகன். ஓரமெல்லாம் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருந்தார். கடைசி அங்கத்தில் மட்டும் குறிப்பு கிடையாது. அதைப் படித்த அன்றைக்கு, பத்தொன்பது வயசுப் பையன், வைகை மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த அங்கம் அவருக்கு வரிக்கு வரி மனப்பாடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 'மறந்துவிட்டது' என்று சொல்ல அவருக்கு வழியே இருக்கக் கூடாது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆடி மாதம். பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடம் வாசிக்க ஆள் வேண்டும் என்று ஒரு கல்லூரி ஹாஸ்டலில் கேட்கிறார்கள் என யாரோ சொல்ல, ஜனகராஜ் அன்றைக்கே கடையை அரைக்கதவு சாத்திவிட்டுப் போனார். மனைவி ராதாமணிக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதில் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வீட்டுல ஒரு பாஷை, கடையில ஒரு பாஷை, இப்ப மூணாவதா ஊருக்கு இங்கிலீஷா? ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது என்னோட பேசக் கூடாதா?"

ஹாஸ்டலில் அவருக்கு வாய்த்தவன் முத்திருளன். உசிலம்பட்டிப் பக்கம், மானாவாரிக் காட்டு ஊர். இருபத்திரண்டு வயது, மூன்றாம் வருஷம் பி.ஏ. இங்கிலீஷ். ஆறு வயதில் கண் போனது. அம்மையில் போனது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வாய் மட்டும் ஊருக்கு முந்தி வரும்.

"எந்தப் பாடம் முதல்ல, முத்து?"

"டிராமாண்ணே. அந்தத் தீவு ராஜா நாடகம். 'இது ஒரு தகப்பன் செஞ்ச தப்பப் பத்தின நாடகம்'னு மேடம் மொத கிளாஸ்ல சொன்னாங்க. ரெண்டு அங்கம் நடத்துனாங்க. இப்ப லீவுல போயிட்டாங்க. மிச்சத்த நீங்களே படிச்சுக்கங்கன்னு சொல்லிட்டாங்களாம். நான் எப்பிடி நானே படிச்சுக்கிறது?"

ஜனகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தராசுக்குப் பின்னால் இருந்த அதே புத்தகம்! பத்து வருஷமாக யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒன்றை ஒருத்தன் வாய்விட்டுக் கேட்கிறான்.

கடைக்கு மேலே பொடி டப்பாக்கள் அடுக்கியிருக்கும் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் சத்தம் இருக்காது. முத்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவருவான். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ஜனகராஜ் வாசிப்பார். இங்கிலீஷில் நாலு வரி, தமிழில் அதன் பொருள், நடுவில் பரீட்சைக்கு வேண்டிய சொல் வந்தால் அதற்கு விளக்கம். கேசட்டை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் முத்து வாரம் முழுக்க ஓட்டி ஓட்டிக் கேட்பான். அவனுக்கு நோட்டு, கைடு, லைப்ரரி எல்லாமே அந்தக் கேசட்தான். அதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"அசைட்னா என்னன்னு கேளு. மேடையில பத்துப் பேரு நிக்கும்போது ஒருத்தன் நம்ம பக்கமாத் திரும்பி மனசுல உள்ளதச் சொல்லுவான். மத்தவனுக்குக் கேக்காது. டவுன் பஸ்ல கண்டக்டர் சில்லறை இல்லைன்னதும் நம்ம வாய்க்குள்ளயே ஒண்ணு சொல்லுவோம்ல, அது மாதிரி."

"புரிஞ்சிருச்சுண்ணே. சொலிலக்வி?"

"தனியா நின்னு தனக்குத்தானே பேசுறது."

"அப்ப எங்க வார்டனுக்கு நாள் முழுக்க சொலிலக்விதான்."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் படிப்பு நடந்தது. டிராமாட்டிக் ஐரனிக்கு வந்தபோது மட்டும் முத்து சிரிக்கவில்லை. "பாக்குற நமக்கு விசயம் தெரியும், மேடையில நிக்கிறவனுக்குத் தெரியாது. அதுதான்" என்று ஜனகராஜ் சொன்னார். "பாவம்ணே அவன்" என்றான் முத்து. அதே மாதிரி ஹமார்ஷியா. "கெட்டவன் செய்யிற கெட்டது இல்ல முத்து இது. நல்லவன், நல்லதுன்னு நெனச்சு, அவசரத்துல செய்யிற ஒரே ஒரு தப்பு. அதுலதான் எல்லாம் கவுந்து போகும்." முத்து கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை இரண்டு தடவை கேட்டான். பரீட்சைக்காக என்று ஜனகராஜ் நினைத்துக்கொண்டார்.

முத்துவின் அய்யா அழகுமலை மாதம் ஒரு ஞாயிறு ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார். ஒரு பையில் கடலை, ஒரு பையில் மொச்சை. பெண்டாட்டி இறந்து பல வருஷம் ஆயிற்று. இரண்டு மாடும் இந்த மகனும்தான் அவர் உலகம். மாடிக்கு வந்து சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, புரியாத இங்கிலீஷையும் புரிந்த தமிழையும் ஒரே கவனத்தோடு கேட்பார். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். இருமல் வந்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்.

மார்கழியில் ஒருநாள் முத்து கீழே குழாயடிக்குப் போயிருந்தான். டேப் நின்றிருந்தது. அழகுமலை எழுந்து வந்து ஜனகராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொன்னதில்ல. அவன் ஆத்தாளுக்கு மட்டுந்தான் தெரியும், அவளும் போயிட்டா. முத்துக்குக் கண்ணு அம்மையில போகல."

ஜனகராஜ் புத்தகத்தை மூடினார்.

"கண்ணு செவந்து போயி ராவெல்லாம் அழுதான். ஆஸ்பத்திரிக்கு மறுநா போவம்னு அவ சொன்னா. அன்னைக்கு உசிலம்பட்டிச் சந்தை. மாட்டுக்கு வைத்தியம் பாக்குற ஒருத்தன்ட்ட கேட்டேன். மாட்டுக் கண்ணுல பூ விழுந்தா எருக்கம்பால்தான் விடுவோம், ஒரே நாள்ல கேக்கும்னான். புள்ள அழுகையப் பொறுக்க மாட்டாம நாந்தான் தம்பி... இந்தக் கையாலதான் விட்டேன்."

அவர் கையை நீட்டிக் காட்டினார். காய்ப்புக் காய்த்த, கோணல் விரல் கை.

"அவனுக்குத் தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா என்னைய அய்யான்னு கூப்புடுவானா?"

"தெரியாதுய்யா. என் வாயால வராது" என்றார் ஜனகராஜ். சத்தியம் என்றுகூட அவர் கேட்கவில்லை. இவராகவே கையில் அடித்துக் கொடுத்தார். இங்கேதான் ஆரம்பித்தது வினை.

ஐந்தாம் அங்கத்துக்கு வந்து சேர்ந்தது மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு. அந்த அங்கத்தில் நடப்பது இவ்வளவுதான். இளவரசன் காய்ச்சலில் கிடக்கிறான். மருந்து என்று ஒரு கோப்பை வருகிறது. விடியட்டும், விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று செவிலி கெஞ்சுகிறாள். மகன் படும் பாட்டைப் பொறுக்க மாட்டாத அரசன் தன் கையாலேயே அதைப் புகட்டிவிடுகிறான். அது விஷம். அரசனுக்கு அது தெரிய வருகிற இடம்தான் நாடகத்தின் உச்சி. அதற்கு அனக்னாரிசிஸ் என்று ஒரு பெயர் உண்டு, பரீட்சையில் தவறாமல் கேட்பார்கள். அப்போது சாகக்கிடக்கும் மகன் தகப்பனைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்வான். அந்த வரிக்காகத்தான் ஜனகராஜ் அன்றைக்கு வைகையில் அழுதது.

அன்று காலை அறைக்குள் வந்தால், சுவரோரம் அழகுமலை உட்கார்ந்திருக்கிறார். அது அவர் வருகிற வாரமே இல்லை.

"என்னய்யா, இந்த வாரமே வந்துட்டீங்க?"

"முத்து காயிதம் போட்டான் தம்பி. இன்னைக்குக் கதை முடியுதாம், கட்டாயம் வரணும்னு."

முத்து சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, "ம், ஆரம்பிங்கண்ணே" என்றான். அவன் முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. ஜனகராஜ் புத்தகத்தைப் பிரித்தார். செவிலி கெஞ்சும் இடம். விடியட்டும் என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு மறுநா போவம்னு அவ சொன்னா. மார்கழியில் அழகுமலை சொன்னது ஜனகராஜ் காதில் திரும்ப ஒலித்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே அந்தக் கை, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. இதை எப்படி வாசிப்பது? மகனுக்குப் பக்கத்தில் வைத்துத் தகப்பனை அறுப்பதா? பெரிய மனசு பாருங்கள் அவருக்கு! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, தலைவலி, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் போதும். அது தோன்றவில்லை.

"முத்து, இந்த அங்கத்துல இங்கிலீஷ் ரொம்பக் கடுசு. கதையா மட்டும் சொல்லிர்றேன்" என்றார்.

சொன்னார். அரசன் தூங்கிக்கொண்டிருந்தபோது வைத்தியனே உள்ளே வந்து விஷத்தைக் கொடுத்துவிட்டான் என்றார். அரசன் அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை என்றார். மகன் செத்துப்போனான், வைத்தியனைத் தூக்கில் போட்டார்கள், நாடகம் முடிந்தது. அந்தக் குரலில் சொன்னால் பொய்யும் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா!

முத்து முகம் சுருங்கியது. "தகப்பன் செஞ்ச தப்புன்னு மேடம் சொன்னாங்களேண்ணே?"

"வைத்தியன நம்புனதுதான் தப்பு. அதத்தான் ஹமார்ஷியான்னு எழுதணும். மத்தபடி அப்பன் மேல ஒரு தப்பும் இல்ல."

அப்போதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அழகுமலை வாசிப்புக்கு நடுவில் வாயைத் திறந்தார்.

"அந்தப் பய சாகும்போது அப்பன எதும் சொன்னானா தம்பி?"

ஜனகராஜ் ஒரு நொடி யோசித்தார்.

"ஒண்ணும் சொல்லலய்யா."

"சரி தம்பி" என்றார் அழகுமலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று முத்து கூப்பிட்டும் நிற்காமல், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்று அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ராதாமணியிடம் நடந்ததைச் சொன்னபோது ஜனகராஜுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஒரு மனுஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற பெருமை. அவள் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் பரீட்சையில இதை எழுதினா?" என்றாள். அட, அது எங்கே போகிறது, பரீட்சைக்கு முன்னாடியே ஒருநாள் சரியாகச் சொல்லிவிட்டால் போச்சு என்றார். அடுத்த ஞாயிறு முத்து வேறு பாடம் வேண்டுமென்றான். அதற்கடுத்த ஞாயிறு கடையில் சரக்கு வந்துவிட்டது. பங்குனியும் போனது. அவனிடம் உண்மையைச் சொன்னால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வது? நாக்கு நுனி வரைக்கும் வரும், திரும்பிப்போகும். பரீட்சையில் அந்த அங்கத்திலிருந்து கேள்வி வராமலும் போகலாமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். சித்திரையில் பரீட்சை நடந்தது.

பரீட்சையில் முத்து சொல்லச் சொல்ல ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் எழுதினாள். பதினைந்து மார்க் கேள்வியே அதுதான்: அரசனின் தவறும், அதை அவன் உணரும் இடமும். முத்து மூச்சு விடாமல் சொன்னானாம். சாயங்காலம் கடைக்கு வந்து, "நீங்க சொன்னத ஒரு வரி விடாம சொன்னேண்ணே, நாலு பக்கம்" என்றான். ஜனகராஜ் குனிந்து பொடி நிறுத்துக்கொண்டே இருந்தார்.

வைகாசிக் கடைசி வெயிலில், காட்டிலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த அழகுமலை வரப்பில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. ஜனகராஜ் பஸ் பிடித்துப் போனபோது முத்து தகப்பன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். தகப்பனின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தான். எடுக்கும் நேரம் வந்தும் விடவில்லை. சொந்தக்காரர்கள் வந்துதான் பிரித்தார்கள். எவ்வளவு பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜனகராஜும் அப்படித்தான் நினைத்தார். நல்லவேளை, கடைசிவரைக்கும் அவனுக்குத் தெரியாமலே போயிற்று என்றும் நினைத்தார்.

ஆனியில் ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாப் பாடமும் பாஸ். டிராமாவில் முப்பத்து மூன்று. ஏழு மார்க்கில் போய்விட்டது.

நாலாம் நாள் முத்து தனியாகக் கம்பைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். மதிய நேரம், கடையில் ஆள் இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு நேத்து அஞ்சாவது அங்கத்த வாசிச்சுக் காட்டுச்சுண்ணே."

ஜனகராஜ் கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"கோப்பையக் குடுத்தது வைத்தியன் இல்லியாமே. அப்பனாம்."

"முத்து..."

"மறந்து போச்சுன்னு சொல்லாதீங்க. பக்க நம்பரோட சொல்ற ஆளு நீங்க."

"உங்கய்யா ஒக்காந்திருந்தாருடா" என்று வாய்தவறி வந்துவிட்டது. வந்தபின் நிறுத்த முடியுமா? அடித்துக் கொடுத்த சத்தியமும் போயிற்று. மார்கழியில் குழாயடிக்கு அவன் போயிருந்த அந்தக் கால்மணி நேரத்தை அப்படியே சொல்லி முடித்தார். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால் முத்து கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"எருக்கம்பால்தானண்ணே? எனக்குத் தெரியும்."

"என்னடா சொல்ற?"

"ஆறு வயசுண்ணே. ஆறு வயசுப் புள்ளைக்கு ஞாபகம் இருக்காதா? யாரு மடியில தலை இருந்துச்சு, யாரு கை நடுங்குச்சு, எல்லாந் தெரியும். நான் கடைசியாப் பாத்ததே எங்கய்யா மொகத்ததான். என்னைய விட அவர்தான் அழுதுக்கிட்டிருந்தாரு. அது தப்புன்னு எனக்குப் பத்து வயசுலயே புரிஞ்சு போச்சு. அவரு ஒளிச்சதுனால நானும் தெரியாத மாதிரியே இருந்தேன்."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"பதினாறு வருசம்ணே. இத அவர்ட்ட எப்பிடி ஆரம்பிக்கிறது? சோறு திங்கும்போது சொல்றதா, பஸ் ஏத்திவிடும்போது சொல்றதா? தகப்பன் செஞ்ச தப்புன்னு மேடம் சொன்னாங்களா, அப்பவே முடிவு பண்ணிட்டேன். கதை முடியிற அன்னைக்கு அவரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதச் சாக்கா வச்சுப் பேசிரணும்னு. அதுக்குத்தான் காயிதம் போட்டு வரச்சொன்னேன். நீங்க அப்பன் மேல தப்பே இல்லைன்னுட்டீங்க. தப்பே இல்லாத எடத்துல எதண்ணே நான் மன்னிக்கிறது?"

ஜனகராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன்னையும் அந்த அறையையும் நினைத்துப் பார்த்தார். தகப்பனுக்குத் தெரிந்தது மகனுக்குத் தெரியாது என்று தகப்பன் நினைத்தார். தனக்குத் தெரியும் என்பதே தகப்பனுக்குத் தெரியாது என்று மகனுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று இவர் நினைத்தார். பார்க்கிறவனுக்குத் தெரியும், மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியாது என்று விளக்கம் சொன்னாரே, அந்த ஆளே மேடையில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார். பாவம்ணே அவன் என்று முத்து சொன்னது ஞாபகம் வந்தது. வயது முப்பதைத் தாண்டிய ஆள், கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

"அழுகாதீங்க. மேல வாங்க" என்றான் முத்து. "அந்த அங்கத்த வாசிங்க. உங்க குரல்ல கேக்கணும்."

வாசித்தார். செவிலி கெஞ்சினாள், அரசன் கோப்பையை எடுத்தான், புகட்டினான், தெரிந்துகொண்டான். மகன் சொல்லும் வரி வந்தது. இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்ல இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறைதான் வந்தது: "உங்க கையால குடுத்தீங்க, அதுனாலதான்யா குடிச்சேன். அந்தக் கை மேல எனக்குக் கோவம் இல்ல." முத்து சுவரோரம், அய்யா உட்காரும் இடத்தில், உட்கார்ந்து கேட்டான்.

ஐப்பசிப் பரீட்சையில் அவன் டிராமாவில் அறுபத்தெட்டு வாங்கினான். பி.எட். முடித்து, இரண்டாயிரத்து ஒன்றில் பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் ஆனான். அழகம்மாள் என்ற பெண்ணைக் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகள். ஜனகராஜோடு பேச்சை முறிக்கவில்லை. முறித்திருந்தால் ஒருவேளை இவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஜனகராஜ் வாசிப்பதை விடவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு வாசித்துவிட்டார், எல்லாம் கேசட்டில்தான். புத்தகத்தில் அச்சுப்பிழை இருந்தால் அதையும் உள்ளபடியே வாசித்து, இது பிழை என்று தனியாகச் சொல்வார். ஒரு சொல்லைக் கூட்ட மாட்டார், ஒரு சொல்லைக் குறைக்க மாட்டார். "என்னண்ணே, கதையக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லுங்களேன்" என்று எவனாவது கேட்டால் அன்றைக்கு அவனுக்கு நல்ல ஏச்சு உண்டு.

ஒவ்வொரு வருஷமும் வைகாசியில் அழகுமலைக்குப் படையல். ஜனகராஜும் ராதாமணியும் பேரையூருக்குப் போவார்கள். போகாமல் இருக்க முடியாது. முத்துவே போன் போட்டுக் கூப்பிடுவான். படையல் முடிந்ததும் பழைய டேப் ரெக்கார்டரை எடுத்து நடுவில் வைப்பார்கள். அழகுமலை போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனுஷன். அவர் குரல் இந்த உலகத்தில் பதிவாகியிருப்பது ஒரே ஒரு கேசட்டில்தான், மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு, சிவப்புப் பொத்தான் அமுங்கியே இருந்ததால். அதை அழிக்க முடியுமா? அழித்தால் அய்யாவும் போய்விடுவாரே. தாத்தா பேசுறாரு, தாத்தா பேசுறாரு என்று பிள்ளைகள் இரண்டும் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொள்ளும். முத்து மாடியில் உட்கார்ந்த மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்பான்.

"அந்தப் பய சாகும்போது அப்பன எதும் சொன்னானா தம்பி?" என்று அழகுமலை கேட்பார்.

ஜனகராஜுக்கு அந்த வரி தெரியும், மனப்பாடம், நாக்கு நுனியில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் வாயைத் திறக்கிறார். ஒவ்வொரு வருஷமும் கேசட்டுக்குள் இருக்கிற ஜனகராஜ், அந்த அழகான குரலில், முந்திக்கொள்கிறார்.

"ஒண்ணும் சொல்லலய்யா."

"சரி தம்பி" என்கிறார் அழகுமலை. அப்புறம் துண்டை உதறுகிற சத்தம்.